வண்டிச் செயினைக் கவனியுங்கள்

தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்குச் செயின் சீக்கிரம் தளரும். அது கழன்று பின்சக்கரத்தில் சிக்கினால் ஆளையே கவிழ்த்துவிடும்.

என்ஜினை நிறுத்தி, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். கீழ்ச்செயினின் நடுப்பகுதியை விரலால் அசைத்துப் பாருங்கள். சிறிய வண்டிக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆட்டம் போதும். சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். மிக இறுக்கமான இடத்தில்தான் அளவெடுக்க வேண்டும்.

பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இரு பக்கத் திருகுகளையும் ஒரே அளவு திருப்புங்கள். இரு பக்கக் கோடுகளும் ஒத்திருந்தால் நட்டை நன்றாக முடுக்குங்கள். சக்கரம் பின்னுக்கு நகர்ந்திருப்பதால் பின் பிரேக்கையும் சரிபாருங்கள்.

மண்ணெண்ணெய்த் துணியால் செயினைத் துடைத்து, கியர் எண்ணெய் விடுங்கள். என்ஜின் ஓடும்போது கை வைக்கவே வேண்டாம், பிள்ளைகளையும் அண்டவிடாதீர்கள். விரல் போனால் பால் வெட்டும் கத்தியைப் பிடிப்பது எப்படி?