ஆருமில்லாத இடத்துக்கு ஏன் அறிவிப்புப் பலகை?

எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு மெல்பேர்னிலோ சிட்னியிலோ ஒரு மாமாவோ மச்சாளோ இருப்பார்கள். லீவு வந்தால் அவர்களில் சிலர் வாகனத்தை எடுத்துக்கொண்டு உள்நாட்டுப் பாலைவனப் பக்கம் வெளிக்கிடுவார்கள். பிறகு குடும்ப வட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து விழும். சிவப்பு மண், மஞ்சள் கங்காருப் பலகை, அதற்குக் கீழே கைகட்டி நிற்கிற மச்சான். கூடவே ஒரு வரி: ‘நூறு மைலுக்கு ஒரு குருவிகூட இல்லை.’ யூரியூபில் பாலைவனப் பயணம் போடுகிறவர்களும் இதையேதான் சொல்லுகிறார்கள். வெறுமை, தனிமை, மனிசக் கால் படாத நிலம்.

இந்தக் கதையை நாங்களும் கனகாலம் நம்பினோம். இப்போது நம்பவில்லை. தெரியாத்தனமாகச் சொல்லப்படுகிற கதை என்று விட்டுவிடவும் மனமில்லை. ஏனென்றால் அந்த றோட்டுகளின் ஓரத்தில் நிற்கிற பலகைகளே இது பொய் என்று சொல்லுகின்றன.

கன்பரல் ஹைவேயை எடுப்போம். பெயர்தான் ஹைவே. உண்மையில் அவுஸ்திரேலியாவின் நட்டநடுவில், மணலுக்கும் முட்புல்லுக்கும் இடையால் ஓடுகிற ஒரு மண் றோட்டு. இது ஊருக்கும் ஊருக்கும் போட்ட றோட்டு இல்லை. ஆயுதத்துக்காகப் போட்டது. 1946 இல் பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் ஒரு கூட்டு ஆயுதத் திட்டத்தில் இறங்கின. 1947 இல் தென் அவுஸ்திரேலியாவில் வூமெரா ஏவுதளம் தொடங்கியது. அங்கிருந்து ஏவுகிற றொக்கெற்றுகள் வடமேற்கே பாலைவனத்துக்கு மேலால் போக வேண்டும். அவற்றின் பாதையை அளக்க ஆட்கள் உள்ளே போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்ல ஒரு வானிலை நிலையமும் வேண்டும். ஆகவே லென் பீடல் என்ற நில அளவையாளரும் ஒரு சின்னக் குழுவும் புல்டோசரோடு இறங்கினார்கள். 1955 இல் தொடங்கிய கன்பரல் 1958 இல் முடிந்தது. 1963 வரைக்கும் அந்தக் குழு போட்ட றோட்டுகள் எல்லாம் சேர்த்து 6,000 கிலோமீற்றருக்கு மேல். துப்பாக்கிக் குழல் மாதிரி நேராக இருக்க வேண்டும் என்ற பகிடியில்தான் அந்தப் பெயரும் வந்தது. பகிடி என்றாலும் உண்மை வெளியே வந்துவிட்டது.

பீடல் கெட்டிக்காரர் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. தண்ணியில்லாத வெளியில், நட்சத்திரத்தைப் பார்த்து இடம் கணித்து, றோட்டை இழுத்துக்கொண்டு போன மனிதர். முக்கியமான இடங்களில் அலுமினியத் தகட்டில் எழுத்தெழுத்தாக அடித்து மரத்திலும் கம்பத்திலும் பொருத்துவார். அகலாங்கு, நெட்டாங்கு, திகதி, தூரம், அவருடைய பெயர். இன்றைக்கும் பயணிகள் அந்தத் தகடுகளைத் தேடிப் போய்ப் படம் எடுக்கிறார்கள். சிலர் கழற்றிக்கொண்டும் போய்விட்டார்கள். அதனால் பிரதிகள் செய்து திரும்ப மாட்டினார்கள்.

ஒரு தகடு களவு போனால் பதிலுக்கு இன்னொன்று வருகிறது. தகட்டில் ஏறாமலே போன பெயர்களுக்கு என்ன பதில்?

அந்தப் பக்கத்து வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஆன் பீடல் ஹைவே: அவருடைய மனைவி. கொனி சூ ஹைவே: மகள். கரி ஹைவே: மகன். ஜாக்கி சந்தி: இன்னொரு மகள். ஜைல்ஸ் வானிலை நிலையம்: 19 ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் வந்து போன ஒரு வெள்ளைக்காரப் பயணி. சாண்டி பிளைற் சந்தி றோட்டு: றோட்டுப் போடும்போது பீடலுக்கு வந்த கண்நோய். அந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ட்ரக்கோமா. பணக்கார நாடுகள் எல்லாம் அதை ஒழித்த பிறகும் பல பத்தாண்டுகளாக அவுஸ்திரேலியாவில் மட்டும் அது நின்றது. நின்றது பூர்வகுடிப் பிள்ளைகளின் கண்களில். வந்து போனவரின் நோய்க்கு ஒரு றோட்டே கிடைத்தது. அங்கேயே இருந்தவர்களின் நோய் அறிக்கைகளுக்குள் கிடந்தது.

“பிள்ளையின்ர பேரை வைச்சதில என்ன பிழை?” என்று கேட்கலாம். தன் வீட்டுக்கு வைத்தால் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த நிலத்தில் ஒவ்வொரு தண்ணிக் குழிக்கும் ஒவ்வொரு பாறைக்கும் ஏற்கனவே பெயர் இருந்தது. தண்ணியிலிருந்து தண்ணிக்குப் போகிற பாதைகளை அந்தச் சனங்கள் பாட்டாகவே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்கள். புல்டோசர் வரும் முன்பே அங்கே வழி இருந்தது. நேராக இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. பூர்வகுடிச் சொற்கள் அரசாங்கத்துக்குப் பிடிக்காமல் இல்லை. ‘வூமெரா’ என்றால் ஈட்டியை எறிய உதவும் கருவி. சிட்னிப் பக்கத்துத் தாருக் மொழிச் சொல். பிறகு அணுகுண்டு வெடித்த ‘மரலிங்கா’வின் பெயருக்கு இடிமுழக்கம் என்று பொருள். அது வடகரையிலிருந்த, இப்போது பேச ஆளில்லாத ஒரு மொழியிலிருந்து எடுத்தது. இரண்டுமே அந்தந்த இடத்துச் சனங்களின் சொல் இல்லை. எங்கோ இருந்த மொழியிலிருந்து சத்தம் நன்றாக இருக்கிற சொல்லைத் தூக்கி வந்து ஆயுதத்துக்குச் சூட்டினார்கள். சொல் வேண்டும், சொன்னவர்கள் வேண்டாம்.

“அங்கே ஆக்கள் இருந்தது அவைக்குத் தெரியாது” என்பது அடுத்த சாட்டு. நன்றாகத் தெரியும். எமு வெடிதளத்துக்கும் மரலிங்காவுக்கும் இடையில் மனிசக் கையால் வரிசையாக நிறுத்தப்பட்ட கற்களைக் கண்டதைப் பீடலே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஜைல்ஸ் நிலையம் எழும்பிய இடம் அரசாங்கமே பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய காணி. அந்தப் பிரமாண்டமான வெளியிலிருந்த மக்களைப் பார்த்துக்கொள்ள முதலில் நியமிக்கப்பட்டது வோல்ட்டர் மக்டூகல் என்ற ஒரேயொரு ரோந்து அதிகாரி. நிலையத்தையும் றோட்டையும் அவர் எதிர்த்தபோது, 1956 இல் ஆயுதத்துறையின் தலைமை விஞ்ஞானி எழுதிய பதிலின் சாரம் இது: விரல்விட்டு எண்ணக்கூடிய சில பூர்வகுடிகளின் அலுவலைப் பிரித்தானியப் பொதுநலவாயத்தின் அலுவலுக்கு மேலாக வைக்கிறார் இந்த ஆள். எண்ணிக்கை குறைவு என்றுதான் சொன்னார்கள். ஆளில்லை என்று சொல்லவில்லை. ‘ஆளில்லை’ பிறகு வந்த சுற்றுலாக் கதை.

ஆன் பீடல் ஹைவே எமுவைத் தாண்டித்தான் போகிறது. அங்கே 1953 ஒக்டோபரில் இரண்டு அணுகுண்டுகள் வெடித்தன. முதல் குண்டுக்குப் பிறகு வலட்டினாவில் இருந்த சனங்களுக்கு மேலால் ஒரு கறுப்புப் புகார் நகர்ந்து போனது. அதில் நின்ற சிறுவன் யாமி லெஸ்டர் பிறகு பார்வையை இழந்தார். 2017 இல் சாகும்வரைக்கும் அந்தப் புகாருக்கு நீதி கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குண்டு வெடிக்கக் கூடாத காற்றில் வெடித்தது என்றும் வலட்டினாச் சனங்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்றும் அரச ஆணைக்குழு 1985 இல் சொன்னது. 32 வருசம் பிந்தி.

தெற்கே மரலிங்காவில் 1956, 1957 இல் ஏழு குண்டுகள். எச்சரிக்கைப் பலகைகள் நட்டார்கள்தான். இங்கிலிஷில். அந்த நிலத்தில் நடந்து திரிந்தவர்களோ இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தைக் கண்டதே இல்லை. 1957 மே மாதம் ஒரு குடும்பம், தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், நாய்கள், குண்டு வெடித்த குழியடியில் இராத் தங்கியது. படையினர் கண்டு பிடித்துக் குளிக்கவார்த்தார்கள். நாய்களைச் சுட்டார்கள். கர்ப்பமாக இருந்த அந்தத் தாயின் பிள்ளை செத்துப் பிறந்தது. பலகை இருந்ததே என்று எவராவது சொன்னால் எங்களுக்குச் சிரிப்பும் வராது, அழுகையும் வராது. வாசிக்கப் போகிறவர் எவர் என்று யோசிக்காமல் நட்ட பலகை, நட்டவரின் பாதுகாப்புக்குத்தான். நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் ‘சொன்னோமே’ என்று காட்டலாம். தனக்கு விளங்காத மொழியில் எழுதின கடதாசியில் கையெழுத்து வைத்த சனம் நாங்கள். இதை எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1964 இல் புளூ ஸ்ட்ரீக் றொக்கெற் விழவிருந்த பக்கத்திலிருந்து, பெண்களும் பிள்ளைகளுமாக 20 பேரை அதிகாரிகள் தேடிப் பிடித்து வெளியேற்றினார்கள். அவர்களுக்கு அதுதான் வெள்ளையரோடு முதல் சந்திப்பு. தேடிப் போன வாகனங்கள் போனது புதிதாகப் போட்ட பீடல் றோட்டுகளால்தான். ஆக, ‘ஆளில்லாத’ அந்த நிலத்தின் ஒரு பகுதி ஆளில்லாமல் ஆக்கப்பட்டது. றோட்டும் அதற்கு உதவியது.

இப்போது மரலிங்காவில் வேறு பலகைகள் நிற்கின்றன. பிரித்தானியர் 1963 வரை நடத்திய சின்னச் சோதனைகளில் புளூட்டோனியம் மண்ணில் சிதறியது. அதைத் துப்புரவாக்கி முடிக்க 2000 ஆம் ஆண்டாகியது. முற்றாகத் துப்புரவாக்க முடியாத பகுதியின் எல்லையில் பாலைவன மக்களின் மொழியிலேயே எழுதியிருக்கிறது: ‘குக்கா பல்யா, ஙுரா வியா.’ வேட்டையாடலாம், தங்கக் கூடாது. ‘ஙுரா’ என்றால் பாளையம், வீடு, ஊர் எல்லாமே. நாங்கள் அரிவரியில் படித்துவிட்டு, சொல்லின் முதலில் ஒருநாளும் பாவிக்காத ‘ங’ இருக்கிறதே, அந்த எழுத்தில் தொடங்குகிறது அவர்களுடைய ஊர் என்ற சொல். அந்தச் சொல் பலகைக்கு வந்தது, ‘இது இனி உனக்கு ஊர் இல்லை’ என்று சொல்லுவதற்கு. வரவேற்கும்போது வராத மொழி, விலக்கும்போது வந்தது.

பீடலின் தகடுகளைப் பிடுங்கி எறியச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவை நிற்கட்டும். பக்கத்தில் அந்தந்த இடத்தின் பழைய பெயரும் அதே உயரத்தில், அதே எழுத்தளவில் நிற்க வேண்டும். என்ன பெயர் என்பதையும், எந்தப் பெயர் வெளியாருக்குச் சொல்லக் கூடாதது என்பதையும் அந்த மக்களே தீர்மானிக்க வேண்டும். கன்பரல் ஓடுகிற ஙானியட்ஜரா மக்களின் நிலங்களில் அவர்களின் பூர்வீக உரிமையை 2005 இல் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அந்த நிலங்களால் போக அனுமதி எடுக்க வேண்டும். அதைப் பற்றி முறைப்பாடு பண்ணுகிற பயணிகளை நிறையப் பார்க்கிறோம். ‘சும்மா மண் றோட்டுக்கு எதுக்கு பெர்மிற்?’ அந்த நீளமான றோட்டில் காணிக்காரர் பேசுகிற இடம் அந்தப் பலகை ஒன்றுதான். எரிச்சல் வருவதும் அதைப் பார்த்துத்தான்.

மச்சானின் அடுத்த படம் குழுவில் வந்து விழும். இதயம் ஒன்று போடுவதற்கு முதல் நாங்கள் கேட்கப் போவது இதைத்தான்: “மச்சான், பெர்மிற் எடுத்தனியே? அது ஆற்ற காணி?”