முதல் காமிராவை நாமும் நேரில் பார்க்கலாம்



‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் அறிவியல் பாடத்தில் படித்த ஊசித்துளைக் காமிராவும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஸ்கேல் வைத்துப் படம் வரைகிறோம். பாகம் குறிக்கிறோம். மார்க் வாங்குகிறோம். ஆனால் அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் யார் என்று கேட்டால் நம் பள்ளியில் எத்தனை கை எழும்பும்? காமிரா எப்படிப் பிறந்தது என்பதை நாம் எல்லோரும் நேரில் பார்க்க வேண்டும், அதற்குக் காசு பணம் தேவையில்லை என்பதே என் கருத்து.

உலகின் மிகப் பழைய காமிராக்கள் சில பிரான்சு நாட்டில் ஷாலோன் என்ற ஊரில் இருக்கின்றன. நம்ம காவிரி மாதிரி அங்கே ஸோன் என்று ஓர் ஆறு. அந்த ஊர் அருங்காட்சியகத்தில் நியெப்ஸ் என்பவருடைய காமிராக்களை வைத்திருக்கிறார்கள். பார்த்தால் வெறும் மரப்பெட்டிகள்தான்! 1826 அல்லது 1827-ல் அவர் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து ஒரு படம் எடுத்தார். காமிராவில் எடுத்த படங்களில் இன்றுவரை மிஞ்சியிருப்பவற்றில் அதுதான் மிகப் பழையது. அதற்குக் குறைந்தது 8 மணி நேரம் வெளிச்சம் பட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். காலையில் நாற்று நட இறங்கியவர்கள் கரையேறும் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இது எங்கேயோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். சுமார் 30 வருஷத்தில் அந்த மரப்பெட்டி தஞ்சாவூருக்கே வந்துவிட்டது. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பெரிய கோயிலையும் திருவையாற்றையும் படம் எடுத்தார். பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார்! அந்தக் காலக் காமிராவில் பின்பக்கக் கண்ணாடியில் காட்சி தலைகீழாகத்தான் விழும். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு அவர் நம் கோபுரத்தைத் தலைகீழாகத்தான் பார்த்திருப்பார்.

சரி, இதையெல்லாம் பார்க்க நாம் பிரான்சுக்கா போக முடியும்? சுற்றுலாவுக்கே பணம் கட்ட முடியாமல், “எனக்கு பஸ் ஒத்துக்காது” என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நமக்குள்ளேயே உண்டு. நேரில் பார்ப்பது வசதி உள்ளவர்களுக்கு, புத்தகத்தில் பார்ப்பது நமக்கு என்று ஆகிவிடக் கூடாது.

அந்த மரப்பெட்டிக்கும் ஒரு பாட்டி உண்டு. அதுதான் இருட்டறை. நம் ராஜராஜ சோழன் 1010-ல் பெரிய கோயிலைக் கட்டி முடித்த அதே காலத்தில், எகிப்தில் இபின் அல்-ஹைதம் என்ற அறிஞர் சிறு துளை வழியே இருட்டுக்குள் வரும் வெளிச்சத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒளி நேர்கோட்டில் போகிறது. அதனால் மேலே இருந்து வருவது துளையைத் தாண்டிக் கீழே விழுகிறது, கீழே இருந்து வருவது மேலே விழுகிறது. இவ்வளவுதான் சங்கதி.

எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறைக் கதவில் ஒரு பொத்தல் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு ஐந்து நிமிஷம் இருட்டில் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் தெருவே தெரியும். தென்னைமரம் தலைகீழாக ஆடும். சைக்கிளில் போகிறவர் தலைகீழாகப் போவார். எல்லாம் கலரில்! என் அப்பாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதை நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து பாக்குறேன்டி, ஏதோ நிழலாடுதுன்னுல்ல நெனச்சேன்” என்றார். கூரைக் கொட்டகையில் தரையில் விழும் வட்ட வட்ட வெயிலும் இப்படித்தான். ஓட்டை எந்த வடிவத்தில் இருந்தாலும் பொட்டு வட்டமாக விழுகிறதே, ஏன்? அது சூரியனின் படம்! 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று மரநிழலைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாக மாறிவிட்டன.

“கையில செல்போன் இருக்கு, இந்த ஓட்டைக் காமிரா எதுக்கு?” என்று சிலர் கேட்கலாம். செல்போன் படம் எடுக்கும், ஆனால் எப்படி எடுக்கிறது என்று காட்டாது. “போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை” என்றும் சொல்லலாம். இதற்கு ஒரு பீரியட் போதும். அப்புறம் அந்தப் பாடத்தை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

ஆகவே ஆசிரியர்களை நான் பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். நல்ல வெயில் நாளில் விளையாட்டுத் திடலைப் பார்த்த வகுப்பறை ஒன்றை எங்களுக்குக் கொடுங்கள். ஜன்னல்களைப் பழைய அட்டையாலும் கறுப்புத் துணியாலும் நாங்களே அடைக்கிறோம். ஓர் அட்டையில் சுண்டுவிரல் நுழையும் அளவு துளை போடுவோம். துளை பெரிதானால் படம் மங்கும், சிறிதானால் வெளிச்சம் குறையும் என்பதையும் மாற்றி மாற்றிப் பார்ப்போம். துளை வழியாகச் சூரியனை யாரும் நேராகப் பார்க்காமல் பெரிய வகுப்புப் பிள்ளைகள் காவல் இருப்போம். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் முதலில் பார்க்கட்டும்.

திடலில் கபடி ஆடுகிறவர்கள் சுவரில் தலைகீழாக ஆடுவதைப் பார்க்க எல்லோரும் வாருங்கள்! கட்டணம் கிடையாது.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி