ஊரின் ஆவணம் ஊராரிடம் இருக்கிறது

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்தால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தவர்களின் கையில் ஒரு சிறு நூல் தருவார்கள். 'கல்வெட்டு' என்பார்கள், நினைவு மலர் என்றும் சொல்வதுண்டு. முகப்பில் படம், திதி வெண்பா, தேவார திருவாசகங்கள். பிறந்த ஊர், படித்த பள்ளி, பார்த்த வேலை, எந்த வீட்டு மருமகன் என்ற விவரங்களும் இருக்கும். பலவற்றில் வம்சாவளியும் உண்டு. ஓர் ஊரின் நூறாண்டு வரலாறு இப்படி வீட்டு அலமாரிகளில் சிதறிக் கிடக்கிறது.

இதையெல்லாம் நூல் என்று கணக்கில் எடுக்கும் வழக்கம் நூலகங்களுக்கு இருந்ததில்லை. 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம் எடுத்தது. நினைவு மலர், கோயில் மலர், பள்ளி மலர் எல்லாம் இன்று அங்கே யாரும் படிக்கக் கிடைக்கின்றன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்துபோயின. அந்த மண்ணின் மக்கள் எஞ்சியதைக் காக்கத் தங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்துகொடுத்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கழித்துப் போட்டதையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தார். அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அதைக் கொண்டுதான் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவானது. அதன் அருமையைக் கண்டுகொள்ளக் கடல் கடந்து ஒரு பல்கலைக்கழகம் வரவேண்டியிருந்ததே என்ற வருத்தம் நமக்கு இன்னும் தீரவில்லை.

நம் பொது நூலகங்களோ மக்கள் பணத்தில் நடப்பவை. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியையும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கட்டுகிறார். கட்டுகிறவரிடம் நூலகம் இதுவரை கேட்டது உறுப்பினர் சந்தாவை மட்டுமே. உங்கள் வீட்டில் என்ன பழைய தாள் இருக்கிறது, இந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டதில்லை.

அருங்காட்சியகங்களிலும் இதே நிலைதான். கமலையை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, 'நீர் இறைக்கும் கருவி' என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். மாடு பூட்டி இறைத்த ஒரு பெரியவரை அதன் முன் நிறுத்திப் பாருங்கள். இது சால், இது தும்பி, இது வடக்கயிறு, இது வால்கயிறு என்று தொட்டுத் தொட்டுச் சொல்வார். கொங்கு நாட்டுக்காரராக இருந்தால் கமலை என்ற பெயரையே ஏற்கமாட்டார், கவலை என்பார். இரண்டு பெயரும் அந்த அட்டையில் ஏறவேண்டும். சொன்னவர் பெயரும் ஊரும் பதிவேட்டில் ஏறவேண்டும்.

எனவே மாவட்ட மைய நூலகங்களும் மாவட்ட அருங்காட்சியகங்களும் மாதம் ஒரு நாளை இதற்கென ஒதுக்க வேண்டும். மக்கள் கொண்டுவரும் தாளையும் படத்தையும் அவர்கள் கண்ணெதிரிலேயே ஸ்கேன் செய்துவிட்டு, மூலத்தைக் கையோடு திருப்பித் தரவேண்டும். எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்பதை உரியவரே எழுத்தில் சொல்லட்டும். பெயர் தெரியாத பழைய படங்களை, வருபவர்கள் அடையாளம் சொல்வதற்காக, அன்று மேசையில் பரப்பி வைக்கலாம். வாசகர் வட்டங்கள் இதை முன்னின்று நடத்தும். மக்கள் சொல்வதை நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆள் பற்றாக்குறை என்ற பதில் வரும். பணியிடங்களை நிரப்ப வேண்டும் என்பதில் நமக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் ஒரு ஸ்கேனர், ஒரு மேசை, ஒரு பதிவேடு போதும் தொடங்குவதற்கு. ஊரார் சொல்வது தவறாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. சொன்னதைச் சொன்னபடி குறித்துவைத்தால், சரிபார்க்க வேண்டியதை ஆய்வாளர் பிறகு சரிபார்த்துக்கொள்வார். சொல்லாமலே போனதை யாராலும் சரிபார்க்க முடியாது.

கமலை இறைத்த கைகளுக்கு இன்று எழுபது, எண்பது வயது. பொது நூலகத் துறையும் அருங்காட்சியகத் துறையும் இந்த ஆண்டே அவர்களை அழைக்க வேண்டும்.