வாளியில் வரும் கடல்

ஹைதராபாத், கடல் மட்டத்துக்கு 500 மீட்டர் மேலே, தக்காணப் பாறைமீது உட்கார்ந்திருக்கும் ஊர். நேர்க்கோடு போட்டு அளந்தாலும் வங்காள விரிகுடா 250 கிலோமீட்டருக்கு அப்பால்தான். நெய்தல் நிலத்து உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாடெங்கும் விற்ற சங்க கால உமணர்களுக்கே இது களைக்கவைக்கும் தூரம். ஆனால், இன்று இந்த ஊரின் சில வரவேற்பறைகளில் கடல் இருக்கிறது. கண்ணாடித் தொட்டி, நீல விளக்கு, கோமாளி மீன், விரல் விரித்து அசையும் பவளம். இந்தக் கடலை ஊருக்குக் கொண்டுவந்தது வண்டியோ டேங்கர் லாரியோ அல்ல. அமெரிக்கா, ஜெர்மனி, இஸ்ரேல், போலந்து என்று பல நாடுகளிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிகளில் வெள்ளைப் பொடியாக வந்து இறங்குகிறது.

இதற்கு இவ்வளவு செலவு எதற்கு, கடை உப்பைக் கரைத்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் தூத்துக்குடி உப்பளத்தில் இருக்கிறது. பாத்தியில் கடல்நீர் வெயிலில் சுண்டும்போது அதிலுள்ளவை எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக அடியில் தங்கிவிடுகிறது. பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில்தான் மக்னீசியம் நிற்கிறது; அதை வடித்து விட்டுவிடுவார்கள். ஆக, சமையலறைக்கு வருவது கடலின் ஒரு துண்டு மட்டுமே. அதைத் திரும்பத் தண்ணீரில் போட்டால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல் கிடைக்காது.

கடல் என்பது ஒரு விகிதம். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து, 1884இல் முடிவை வெளியிட்டார். உப்பின் அளவு இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம். ஆனால் அதன் முக்கிய உறுப்புகளுக்கு இடையிலான விகிதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் கீழ், சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4. இந்த ஆறும் சேர்ந்தாலே 99 சதவீதம் முடிந்துவிடுகிறது.

‘செயற்கைக் கடல் உப்பு’ என்று மொழிபெயர்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம். வாளியில் உள்ள எந்த உப்பும் இயற்கைக்குப் புறம்பானதல்ல. அவற்றைக் கூட்டிவைத்த கைதான் மனிதனுடையது. அந்தக் கை பழையதும்கூட. 1854இலேயே பிலிப் ஹென்றி காஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் லண்டனில் நான்கே உப்புகளைக் கொண்டு கடல்நீர் தயாரித்து, அதில் உயிர்களை வளர்த்துக் காட்டினார்.

பவளத்துக்கு நான்கு உப்பு போதாது. அது வெறுமனே நீரில் வாழும் பிராணி அல்ல; நீரிலிருந்து வீடு கட்டும் பிராணி. கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் உறிஞ்சித்தான் தன் சுண்ணாம்பு எலும்பைக் கட்டுகிறது. அவை இரண்டும் நீரிலேயே கூடிச் சுண்ணாம்பாகப் படிந்துவிடாமல் தடுப்பது மக்னீசியம். ஒன்று சரிந்தால் மற்றவையும் நிலைகுலையும். அதனால், வாளி வாங்குகிறவர் பெயரைப் பார்ப்பதைவிட எண்களைப் பார்ப்பது நல்லது. லிட்டருக்குக் கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1,250 முதல் 1,350, காரத்தன்மை ‘டி.கே.எச்.’ அளவில் 7 முதல் 11. ஒரே நிறுவனம் மீனுக்கு மட்டும் ஒன்று, பவளத்துக்கு ஒன்று என்று இரண்டு வகை விற்பதுண்டு. பவள வகையில் காரத்தன்மை கூடுதலாக இருக்கும். அது மேலானது என்று பொருளல்ல. தொட்டி 8இல் ஓடிக்கொண்டிருக்கும்போது 12 உள்ள நீரை நிறைய ஊற்றினால் பவளத்துக்கு அதிர்ச்சிதான் மிச்சம். தொட்டியின் எண்ணுக்கு அருகில் உள்ள உப்பே நல்ல உப்பு.

பெரிய வாளியைப் பிரித்துச் சிறு பைகளில் கட்டி விற்பதை வாங்காமலிருப்பது உத்தமம். பொடியில் பருமணிகளும் நுண்மணிகளும் கலந்திருக்கின்றன. குலுங்கும்போது அவை தனித்தனியே பிரியும். மேல்பையில் ஒரு கடல், அடிப்பையில் இன்னொரு கடல் என்று ஆகிவிடும். சொந்த வாளியையும் திறக்கும் முன் மூடியோடு உருட்டிக் கலப்பது நல்ல பழக்கம். திறந்த பிறகு இறுக மூட வேண்டும். கால்சியம், மக்னீசியம் குளோரைடுகள் காற்றின் ஈரத்தை இழுப்பவை. ஆகஸ்ட் மழையில் திறந்து கிடந்த வாளி கல்லாக இறுகிவிடும்.

உப்பைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். ஹைதராபாத் குழாயில் மஞ்சீராவும் கிருஷ்ணாவும் கோதாவரியும் வருகின்றன, குளோரினோடு. பற்றாக்குறைக்கு ஆழ்துளைக் கிணறு. கருங்கல் பாறைக்குள்ளிருந்து வரும் அந்த நீரில் கடினத்தன்மை அதிகம், பல இடங்களில் ஃப்ளூரைடும் உண்டு. நல்ல உப்பை இந்த நீரில் போட்டால் விகிதம் முதல் நாளே கெட்டுவிடும். வீட்டு ஆர்.ஓ. கருவியும் போதாது. சுவைக்காகத் தாது சேர்த்து அனுப்புபவை அவற்றில் பல. ஆர்.ஓ.வுக்குப் பின் அயனி நீக்கும் ரெசினையும் கடந்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரே வேண்டும். ஒரு லிட்டர் தூய நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாக வெளியேறும் என்பதையும் மறக்கக் கூடாது. கோடையில் டேங்கருக்குக் காத்திருக்கும் ஊரில் அதைப் பாத்திரம் கழுவவோ தரை துடைக்கவோ பிடித்துவைப்பது குறைந்தபட்ச நாகரிகம்.

கலப்பதில் ஒரே விதி: முதலில் நீர், பிறகு உப்பு. உப்பைப் போட்டுவிட்டு அதன்மேல் நீரூற்றினால், அடியில் அடர்ந்த கரைசலில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும், பிறகு கரையாது. பத்து லிட்டருக்கு 350 முதல் 380 கிராம். சிறிய பம்ப் ஓட, 25 டிகிரி வெப்பத்தில், கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். காரத்தன்மை கூடிய வகைகளை அதற்கு மேலும் நெடுநேரம் சுற்றவிட்டால் சுண்ணாம்பு படியத் தொடங்கும். ரிஃப்ராக்டோமீட்டரில் 35, அல்லது ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 காட்ட வேண்டும். அந்தக் கருவியை வெறும் நீரை வைத்துச் சரிபார்ப்பது போதாது. 35 என்று அளவிட்ட திரவத்தை வைத்துச் சரிபார்ப்பதே நம்பகமானது. மே மாத வெயிலில் தொட்டி நீர் வேகமாகக் குறையும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே இருக்கிறது. அந்தக் குறையைத் தூய நீரால் நிரப்ப வேண்டும், உப்பு நீரால் அல்ல.

இத்தனையும் கற்றுக்கொள்ளக்கூடியவை. கற்றால் தீராத விஷயம் வேறொன்று. நீரை வாளியில் தயாரித்துவிடலாம். அதில் வாழும் பெரும்பாலான உயிர்கள் ஏதோ ஒரு கடலிலிருந்தே வர வேண்டியிருக்கிறது. காஸ் தன் புத்தகங்களால் கிளப்பிய ஆர்வத்தில் கூட்டங்கூட்டமாகக் கிளம்பிய மக்கள், இங்கிலாந்தின் கடலோரப் பாறைக் குட்டைகளை வாரிக் காலி செய்தார்கள். தந்தையின் அந்த வேதனையை மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியான நூலில் பதிவு செய்திருக்கிறார். நம் தூத்துக்குடிக் கரையிலும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினோம். விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் இன்று நீருக்கு அடியில்.

2001இல் பாறை கட்டும் பவளங்களும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலோ லட்சத்தீவிலோ பெயர்த்த பவளத்தை வாங்குவது, புலித்தோல் வாங்குவதைப் போன்ற குற்றம். ‘சைட்ஸ்’ ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2022 திருத்தம் சொல்கிறது. அதற்கான விதிகள் 2024இல் வந்தன. கடைக்காரரிடம் விலை கேட்கும்போதே, எங்கிருந்து வந்தது, பண்ணையில் வளர்ந்ததா, காகிதம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் வாங்காதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் உப்பையும் அளவு கருவிகளையும் மட்டும் வாங்குங்கள். உயிர் எதுவும் இல்லாத தொட்டியில் ஒரு மாதம் நீரைக் கலந்து, அளந்து, மாற்றிப் பாருங்கள். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் வேரூன்றவும் நான்கு முதல் ஆறு வாரம் எப்படியும் ஆகும். அதற்குள் சலித்துப் போனால் நஷ்டம் ஒரு வாளி உப்பு. அவசரப்பட்டு முதல் வாரமே பவளத்தை இறக்கி, பிறகு சலித்துப் போனால், அந்த நஷ்டம் நம்முடையதாக இருக்காது.