கைக்கணக்கு மருந்து

அமெரிக்காவில் கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது ஒரு பொழுதுபோக்கு. மருந்தை நிறுக்கத் தனித் தராசு, அளவு பார்க்கத் தனிப் புத்தகம். நம்ம ஜவ்வாது மலையில் தராசாவது, புத்தகமாவது! நாட்டுத் துப்பாக்கியின் வாய்வழியாகக் கரிமருந்து, மேலே பால்ரஸ் குண்டு. அளவு? கைக்கணக்குதான். தப்பினால் காட்டுப்பன்றிக்குப் பதில் சுட்டவன் கை போகும்.

போலீஸ் அவ்வப்போது அறிவிக்கிறது: துப்பாக்கியை ஒப்படைத்துவிடு, கேஸ் கிடையாது. சரிங்க. ராத்திரி சாமைக் கொல்லையில் பன்றி இறங்கினால் அந்த மலையாளி (கேரளாக்காரர் இல்லை, இந்த மலையின் பழங்குடி) என்ன செய்வார்? 2025 ஜனவரியில் அரசு வழி சொன்னது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியை வனத்துறை சுடும், 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. காட்டுக்கு நடுவிலேயே ஊர் இருப்பவரிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பாரா, அழுவாரா?

இத்தனைக்கும் 1959 ஆயுதச் சட்டம், 13-வது பிரிவு, பயிர்க் காவலுக்கு வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரச் சொல்கிறது. குடகுக்காரர்களுக்கோ லைசென்ஸே வேண்டாம். வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கை 2019-ல் டெல்லி இன்னும் 10 வருஷம் நீட்டியது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, லைசென்ஸ் இல்லாதவருக்குக் குறைந்தது 2 வருஷம் ஜெயில் என்றது. அந்த மலையில் பாரம்பரியம், இந்த மலையில் குற்றம்!

கள்ளத் துப்பாக்கிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வாங்கி வையுங்கள். அதே மேஜையில் லைசென்ஸ் விண்ணப்பத்தையும் வையுங்கள், கலெக்டர் அய்யா. தமிழில்.