விளையாட்டுப் பாடலும் விளக்கமும்

கைகோத்து வட்டமாகச் சுற்றி, இறுதியில் ஒருசேர விழும் சிறுவர் ஆட்டத்திற்குரிய ஆங்கில நாட்டுப்புறப் பாடல் 'ரிங்கா ரிங்கா ரோசஸ்'. தமிழக மழலையர் பள்ளிகளிலும் ஒலிக்கும் இப்பாடல், 1665ஆம் ஆண்டு இலண்டனைத் தாக்கிய கொள்ளைநோயைப் பாடுவதாகப் பலர் கூறுவர். ரோசா வளையம் உடலில் தோன்றிய செந்தடிப்பு, பையிலுள்ள மலர்க்கொத்து நோய்தடுக்கும் காப்பு, தும்மல் நோய்க்குறி, விழுதல் இறப்பு என்பது அவர்தம் விளக்கம்.

சுவையான இவ்விளக்கத்திற்குச் சான்று இல்லை. அக்கொள்ளைநோயைக் கண்டு நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிசு இப்பாடலைக் குறிப்பிடவில்லை. இங்கிலாந்தில் இது கேட் கிரீன்அவேயின் நூல்வழி அச்சேறியது 1881இல்தான். பாடலின் வேறு வடிவங்கள் பலவற்றில் தும்மலே இல்லை. சிலவற்றில் விழுதலுக்கு மாறாகப் பணிந்து வணங்குதலே உண்டு. கொள்ளைநோய் விளக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவியது.

பாடலுக்குப் புதுப்பொருள் கண்டு மகிழ்வது கேட்போர் உரிமை. நாட்டுப்புறப் பாடல் வாழ்வதும் அவ்வாறே. ஆயின், கற்பனையை வரலாறு என உரைப்பது தகாது. அவ்வாறு உரைப்பின் இருவகை இழப்பு நேரும். மாண்டோரின் உண்மைத் துயரம் புதிராகச் சுருங்கும். சிறுவரின் களிப்பு, தன்னளவில் பொருளற்றது எனத் தள்ளப்படும். எனவே, வடிவங்களைத் திரட்டி ஒப்பிட்ட பின்னரே பொருள் துணிதல் வேண்டும். சுற்றி விழுந்து சிரிப்பதும் ஒரு பாடலுக்குப் போதிய பொருளே.