கிளச் விடவில்லையா? கியர்பொக்ஸைக் கழற்றுமுன் கொஞ்சம் பொறுங்கள்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மல்வேர்னில் நீல்சன் வீதிக்கு அருகில் குடியிருக்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணை, கார் கியருக்குப் போகுதில்லை. றிவேர்ஸ் போட்டால் கறகறவெண்டு கத்துது. ஒரு கராஜிலை காட்டினனான். கியர்பொக்ஸ் முடிஞ்சுதாம், ஆயிரத்து எண்ணூறு டொலர் கேக்கினம்."

அவர் கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடம். பஸ் குறைந்த நேரத்தில் வேலை முடிகிறவர். கார் நின்றால் வேலையும் நிற்கும். "காசு கட்டிப்போடாதையும், வாறன்" என்று சொல்லிப் போனேன்.

என்ஜினை நிறுத்திவிட்டுக் கியரைப் போடச் சொன்னேன். எல்லாக் கியரும் வெண்ணெயாக விழுந்தன. என்ஜினை ஓடவிட்டதும் ஒன்றும் விழவில்லை. இப்படி இருந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது கியர்பொக்ஸை அல்ல, கிளச்சை. பெடலை மிதித்ததும் கிளச் என்ஜினைக் கியர்பொக்ஸிலிருந்து பிரித்துவிட வேண்டும். அது பிரிக்கவில்லை. (என்ஜின் இரைகிறது, கார் வேகம் எடுக்கவில்லை என்றால் அது வேறு வருத்தம்; அங்கே கிளச் பிளேற் தேய்ந்து வழுக்குகிறது.)

இனி, செலவில்லாத சோதனைகளை ஒழுங்காகப் பாருங்கள். கார் சமதரையில், ஹாண்ட் பிறேக்குடன் நிற்கட்டும். முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக்கூடாது.

முதலாவது, காலடி விரிப்பு. பனிக்காலத்துக்கென்று போடும் தடித்த றப்பர் விரிப்பு பெடலுக்குக் கீழ் சுருண்டு, பெடலை அடிவரை போகவிடாமல் தடுக்கும்.

இரண்டாவது, ஒயில். கிளச் ஒயிலில் வேலை செய்யும் கார்களில் அதற்குப் போவது பிறேக் ஒயில்தான். சில கார்களில் பிறேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே குப்பிதான். அது குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. பிறேக்கும் ஆபத்தில் இருக்கலாம், காரை ஓட்டவேண்டாம். என்ஜின் ஒயிலை அதற்குள் ஊற்றவே வேண்டாம், உள்ளிருக்கும் றப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

மூன்றாவது, பெடலை ஏழெட்டுத் தரம் விரைவாக மிதித்துப் பாருங்கள். அதன்பின் கியர் விழுந்தால் குழாய்க்குள் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் ஒன்று பிடிக்கவில்லை. காற்று அமுங்கும், ஒயில் அமுங்காது. காற்றிருந்தால் உங்கள் மிதி கிளச்சுக்குப் போய்ச் சேராது.

நான்காவது, ஈரம். பெடலுக்கு மேலே ஈரமென்றால் மாஸ்ரர் சிலிண்டர். கியர்பொக்ஸ் பக்கத்தில் ஈரமென்றால் சிலேவ் சிலிண்டர். சில கார்களில் சிலேவ் சிலிண்டர் உள்ளே மறைந்திருக்கும், வெளியில் தெரியாது. ஒயில் இல்லாமல் கேபிளில் இயங்கும் கார் என்றால், கேபிள் தளர்ந்ததா, இழை அறுந்ததா என்று பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் குற்றம் உள்ளே: பெயாறிங், பிறஷர் பிளேற், அல்லது பனியில் மாதக்கணக்கில் நின்று பிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிய கிளச் பிளேற். அதற்குக் கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

தம்பியின் காரில் ஒழுகியது சிலேவ் சிலிண்டர். வேறொரு கராஜில் கூலியோடு இருநூறு டொலருக்குள் முடிந்தது.

"அவை சொன்னால் சரியாத்தானே இருக்கும் எண்டு நினைச்சன் அண்ணை" என்றார். பொருளாதாரத் தடைக் காலத்தில், தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சனம் நாங்கள். இங்கு வந்ததும் பாஷை தெரியாத கூச்சத்தில் வாய்மூடி நிற்கிறோம்.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 'றிட்டின் எஸ்ரிமேற்' என்று கேளுங்கள். எழுத்தில் தரும் மதிப்பீடு அது. முடிவில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் அறவிட முடியாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர அவர்கள் முன்வரவேண்டும். புதிய பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல. உழைத்த காசு உங்களுடையது.

அடுத்த இதழில் குளிருக்குப் படுத்துவிடும் பற்றரியைப் பார்ப்போம்.